தாத்தா பெட்டியில் இருந்த 1974 விஸ்கிப் போத்தல்: புதுசோடு பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்க யோசனை வேண்டும்

கிராணி பேரன் (சுங்கை சிப்புட்)

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும்.

செம்பனை ஆலை லேப்பில் வேலை செய்கிறேன். எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. அதனால் மூக்கு ஓரளவு வேலை செய்யும். ஆனால் விஸ்கியில் நான் கத்துக்குட்டி. கல்யாண வீட்டில் சோடா ஊற்றிக் குடிக்கிற ஆள்.

விஷயம் இதுதான். என் தாத்தா தோட்டத்தில் பெரிய கிராணி, கணக்கு எழுதுபவர். 1974ல் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது அவர் கையில் ஒரு போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தா வாயில் ஒரு சொட்டு வைக்காத மனிதர், தைப்பூசம் தவறாமல் காவடி எடுத்தவர். போத்தலைத் தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் படுக்க வைத்துப் பூட்டினார். அவர் போய் முப்பது வருடம் ஆகிறது. போன மாதம் வீட்டுக் கூரை மாற்றும்போதுதான் பெட்டியைத் திறந்தோம். கிளென்ஃபிடிக் என்ற ஸ்காட்ச் விஸ்கி. பச்சை முக்கோணப் போத்தல். 8 ஆண்டு என்று போட்டிருக்கிறது. கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் குறைந்திருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை. சித்தப்பா இது ஐம்பத்தெட்டு வருட விஸ்கி என்கிறார். 8 வருடம் அங்கே, 50 வருடம் நம் வீட்டில் என்று கணக்குச் சொல்கிறார். விற்றால் ஒரு காடி (கார்) வாங்கலாமாம். லேபிளில் 70 ப்ரூஃப் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, எழுபது சதவீதச் சாராயம், தீக்குச்சி காட்டினால் பற்றும் என்றார். இரண்டு நாள் கழித்து வந்து, 'ப்யூர் மால்ட்' என்றுதானே இருக்கிறது, சிங்கிள் மால்ட் என்று இல்லையே, அப்படியானால் கலப்படச் சரக்கு என்று முகத்தைச் சுளித்தார். எந்தப் பக்கம் பேசினாலும் அவருடைய உறுதி மட்டும் குறையாது.

அப்பாவுக்கு இப்போது 78. அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "திற."

சரி, திறப்பதாக முடிவு. ஆறு பேர் உட்காருகிறோம். தாத்தா போத்தலுக்குப் பக்கத்தில் இன்றைய கிளென்ஃபிடிக் 12. நண்பர் ஒருவர் 1996ல் லங்காவியில் தீர்வை இல்லாமல் வாங்கி அலமாரியில் அழகுக்கு வைத்திருந்த மெக்கேலன் 12 கொண்டு வருகிறார். அதற்கு ஜோடியாக இன்றைய மெக்கேலன் 12, ஷெர்ரி பீப்பாய் வகை. கடைசியாகப் புகை வாசனைக்காக ஒரு லஃப்ரோய்க் 10.

எந்த வரிசையில் ஊற்றுவது? ஐஸ் போடலாமா? படுத்துக் கிடந்த போத்தலின் கார்க்கை எப்படி எடுப்பது? முக்கியமாக, ஐம்பது வருடம் தகரக் கூரைக்குக் கீழே கிடந்ததைக் குடித்தால் ஆபத்து உண்டா?

ஈப்போ பார்க்காரன்

தம்பி, முதலில் சித்தப்பா கணக்கைத் தீர்த்துவிடுவோம்.

விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் பீப்பாய்க்குள் மட்டும்தான். கண்ணாடிக்குள் போன நாளோடு வயது நின்றுவிடும். தாத்தாவின் போத்தல் அன்றைக்கும் 8, இன்றைக்கும் 8. நம் ஊர் வெயில் பட்டால் சீக்கிரம் பழுக்காதா என்று அடுத்து கேட்பார், நானே சொல்லிவிடுகிறேன். பீப்பாயில் இருந்தால் பழுக்கும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகப் போகிறது. பெங்களூரில் அம்ருத் விஸ்கி காய்ச்சும் இடத்தில் அதைப்போலப் பல மடங்கு போகிறது. அதனால்தான் அவர்கள் நாலைந்து வருடத்திலேயே போத்தலில் அடைக்கிறார்கள். மரம் இல்லாத இடத்தில் வெயில் செய்வது ஒன்றுதான்: கார்க் வழியாக ஆவியை வெளியே விடுவது. உங்கள் இரண்டு விரல் குறைவு அதுதான்.

70 ப்ரூஃப் என்பது பழைய ஆங்கிலேயக் கணக்கு. அதில் 100 என்றால் 57.1 சதவீதம். 70 என்றால் 40. தீக்குச்சியைச் சாமி விளக்குக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிட்டனில் 1980ல் சதவீதக் கணக்குக்கு மாறினார்கள், ஆகவே லேபிளும் தாத்தா கதையும் ஒத்துப்போகின்றன.

ப்யூர் மால்ட் விவகாரம் சுவையானது. மால்ட் என்றால் முளைகட்டிய வாற்கோதுமையில் காய்ச்சிய விஸ்கி. அந்தக் காலத்தில் ஒரே ஆலையின் மால்ட்டுக்கும் அந்தப் பேரைப் போட்டார்கள், பல ஆலைகளின் மால்ட்டைச் சேர்த்ததற்கும் போட்டார்கள். 2003ல் கார்டு என்ற பேரில் அதுவரை ஒரே ஆலையிலிருந்து வந்ததைப் பல ஆலைச் சரக்காக மாற்றி, ப்யூர் மால்ட் என்று விற்கப் போனார்கள். மற்ற ஆலைக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள், அது பின்வாங்கப்பட்டது. 2009 சட்டத்தில் அந்தச் சொல்லையே தடை செய்துவிட்டார்கள். இப்போது ஒரே ஆலை என்றால் சிங்கிள் மால்ட், பல ஆலை என்றால் பிளெண்டட் மால்ட். உங்களிடம் இருப்பது ஒரே ஆலைச் சரக்குதான். 1963ல் சிங்கிள் மால்ட்டை வெளிநாட்டுக்கு விற்கவேண்டும் என்று முனைந்து கிளம்பியதே கிளென்ஃபிடிக் காய்ச்சும் குடும்பம்தான். அதற்கு முன்னால் ஸ்காட்லாந்துக்கு வெளியே பெரும்பாலும் குடித்தது, மால்ட்டோடு வேறு தானிய விஸ்கியும் கலந்த பிளெண்டுதான்.

ஆபத்து? 40 சதவீதத்தில் கிருமி வளராது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலங்காமல், மினுக்கம் குறையாமல் இருந்தால் போதும். சத்து கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.

ஊற்றும் வரிசை: கிளென்ஃபிடிக் ஜோடி முதலில், மெக்கேலன் ஜோடி அப்புறம், லஃப்ரோய்க் கடைசி. அந்தப் புகை நாக்கில் ஏறிவிட்டால் பின்னால் வருவது எல்லாம் வெந்நீர். ஆளுக்கு 15 மில்லி போதும். இருமல் மருந்தோடு வருமே சின்னக் கிண்ணி, அதில் கோடு போட்டிருக்கும். வாய் குறுகி, வயிறு அகன்ற கண்ணாடி இருந்தால் நல்லது. தம்பி லேப்பில் வேலை என்கிறீர்கள், லேப் கண்ணாடி ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், சொல்லிவிட்டேன்.

ஐஸ் வேண்டாம், மூக்கு மரத்துப்போகும். ஆனால் நம் ஊர்ப் பகல் 32 டிகிரியில் வைத்தாலும் கண்ணாடியில் சாராய நெடிதான் முதலில் முகத்தில் அறையும். ஏர்கோன் இல்லையென்றால் போத்தலைப் பத்து நிமிடம் தண்ணீர் வாளியில் நிறுத்தி வையுங்கள். மழை பெய்த சாயங்காலம் இன்னும் நல்லது.

பழைய பால்மரம்

கார்க் பற்றி நான் சொல்கிறேன், பட்டவன். விஸ்கி போத்தலைப் படுக்க வைக்கவே கூடாது. ஒயின் வேறு. விஸ்கியின் சாராயம் கார்க்கைத் தின்றுவிடும். எனக்கு மாமனார் கொடுத்த ஒரு பழைய போத்தலைத் திருகினேன், பாதி கையில், பாதி உள்ளே. வீட்டில் காப்பி வடிகட்டுகிற துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. புத்திசாலித்தனமாக அதில் வடித்தேன். அப்புறம் அது விஸ்கி இல்லை, தண்ணி விட்ட கோப்பி-ஓ. மூன்று மாதம் மாமனார் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது: இன்றைக்கே போத்தலை நிமிர்த்தி வையுங்கள். திறப்பதற்கு முன் இரண்டு நிமிடம் மட்டும் சாய்த்து கார்க்கை நனைத்துக்கொண்டு, மெதுவாக, திருகித் திருகி எடுங்கள். உடைந்தால் புதுக் காகித வடிகட்டி. அதையும் முதலில் வெந்நீரில் அலசுங்கள். வேறு நல்ல போத்தல் கார்க் ஒன்றைக் கழுவிக் காயவைத்து மாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கங்காணி பேத்தி

எல்லாரும் மூக்கு, நாக்கு என்று அழகாகப் பேசுகிறீர்கள். என் அம்மா சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் நின்று அப்பாவின் சட்டைப்பையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தவர். அதற்கப்புறம் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது, அதைப் பற்றி எழுதவே எனக்கு மனமில்லை. 1941ல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கேட்ட கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. துரை பங்களாவில் கண்ணாடிக் கிண்ணம், தொழிலாளர் லயத்தில் தகரக் குவளை. இதை மறந்துவிட்டுப் பேச எனக்கு வராது.

குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை தம்பி. ஆறு பேரில் யார் காடி ஓட்டப்போகிறார்? 2020 திருத்தத்துக்கு அப்புறம் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு. அப்பா 78 வயதில் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? டாக்டரிடம் கேட்டீர்களா?

கிராணி பேரன்

அக்கா, இரண்டுமே நான் யோசிக்காதவை. கிளினிக்கில் கேட்டேன். ஒரு மாத்திரையை அன்றைக்கு இரவு எப்போது போடுவது என்று சொன்னார்கள். கொஞ்சமாக என்றால் பரவாயில்லை என்றும் சொன்னார்கள். தூரத்திலிருந்து வருபவர்கள் இரண்டு பேர், இருவரும் எங்கள் வீட்டிலேயே பாய் போட்டுப் படுக்கிறார்கள்.

கள்ளுக்கடை பற்றி எனக்குப் பதில் இல்லை. தாத்தா குடிக்காததற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பார்க்கார அண்ணே, ஒரு கேள்வி பாக்கி. பழைய விஸ்கி புதுசைவிட நன்றாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா? அல்லது பழைய பாட்டுத்தான் பாட்டு என்று பெரிசுகள் சொல்வது போலவா?

ஈப்போ பார்க்காரன்

பாதி உண்மை, பாதி பாட்டு.

மாறியவை இருக்கின்றன. கோல்டன் ப்ராமிஸ் என்ற வாற்கோதுமை 1970களில் ஸ்காட்லாந்து முழுக்க இருந்தது. ஏக்கருக்கு அதிகம் விளைகிற ரகங்கள் வந்ததும் அது ஒதுங்கிவிட்டது. நம் ஊரில் பழைய நெல் போன மாதிரி. பல ஆலைகளில் கொப்பரைக்கு அடியில் நேரடியாக நெருப்பு எரிந்தது, இப்போது பெரும்பாலும் உள்ளே நீராவிக் குழாய். அடியில் நெருப்பு என்றால் கொஞ்சம் தீய்ந்து ஒட்டும், அந்த ருசியும் கூட வரும். விறகடுப்புச் சோற்றின் அடிப்பிடிப்பு தெரியும்தானே.

மெக்கேலனுக்கு முக்கியம் ஷெர்ரி பீப்பாய். முன்பு ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி ஒயின் பீப்பாயிலேயே கப்பலேறி பிரிட்டனுக்கு வரும். ஒயினை இறக்கிய காலிப் பீப்பாயை விஸ்கிக்காரர்கள் மலிவாக வாங்கினார்கள். 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே போத்தலில் அடைக்கவேண்டும் என்று ஆனது. பீப்பாய் வரவில்லை. இப்போது விஸ்கிக்காகவே பீப்பாய் செய்து, ஷெர்ரியை ஊற்றி ஊறவைத்து வாங்குகிறார்கள். 1996ல் வாங்கிய 12 வருட போத்தலுக்குள் இருப்பது 1984லோ அதற்கு முன்னாலோ காய்ச்சியது. இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிற சரக்கு.

இன்னொன்றும் உண்டு. 1983 வாக்கில் சரக்கு தேங்கி, விலை போகாமல், ஆலை ஆலையாக மூடினார்கள். போர்ட் எலன், ப்ரோரா எல்லாம் அப்போதுதான் போயின. (இரண்டும் இப்போது திரும்பத் திறந்துவிட்டன, ப்ரோரா 2021ல், போர்ட் எலன் 2024ல்.) தேங்கியதால் 12 என்று போட்ட போத்தலுக்குள் அதைவிட வயதான சரக்கும் விழுந்தது. லேபிளில் போடுவது உள்ளே இருப்பதில் மிக இளையதன் வயது, அவ்வளவுதான் சட்டம்.

இனி பாட்டுப் பாதி. பழசு என்று தெரிந்தால் நாக்கு தானாகக் கும்பிடு போடும். ஆகவே மறைத்து ஊற்றுங்கள். போத்தலைக் காகிதத்தில் சுற்றி, குடிக்காத ஒருவர் ஊற்றட்டும். பழைய போத்தல் திறந்த உடனே ஈர அட்டைப்பெட்டி வாசம் அடிக்கலாம். பயப்படாமல் கால் மணி விட்டுவிடுங்கள். பிறகு தண்ணீர் இரண்டு மூன்று சொட்டு. 2017ல் சுவீடனில் இரண்டு பேர் கணினியில் பார்த்துச் சொன்னார்கள்: தண்ணீர் சேர்ந்தால் குவாயகால் என்கிற புகை வாசனைப் பொருள் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறதாம். நாங்கள் பாரில் அதை எப்போதோ மூக்கால் கண்டுபிடித்தாயிற்று.

கிராணி பேரன்

சனிக்கிழமை முடிந்தது. நாலு மணிக்கே மழை வந்து உதவியது. அண்ணன் சொன்ன வாளிக்கு வேலை இல்லை.

வீட்டுக்காரிதான் ஊற்றினாள். பெட்டிக்குள் தாத்தா விரித்திருந்த தமிழ் நேசன் தாளிலேயே போத்தல்களைச் சுற்றி, எது எது என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்குத் தாளிப்பு இல்லை, ஊதுபத்தி இல்லை, மல்லிகைப்பூ இல்லை. மெல்லுவதற்கு புந்தோங் கச்சாங் பூத்தே, அதிலும் காரம் போடாதது மட்டும். அவள் சொன்னது: "சாமி கும்பிடக்கூட இவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை."

கார்க் உடைந்தது. பாதிதான். மேல் பாதி கையோடு வந்தது, கீழ்ப் பாதியைக் கம்பித் திருகால் எடுத்தேன். தூள் கொஞ்சம் விழுந்தது, காகிதத்தில் வடித்தேன். பால்மரம் அண்ணனுக்கு நன்றி, காப்பித் துணியைக் கண்ணில் படாமல் மறைத்து வைத்தேன்.

முதல் கண்ணாடி. அண்ணன் சொன்ன அதே ஈர அட்டை வாசம். எனக்குத் தோன்றியது ஸ்டோரில் நனைந்த உரச் சாக்கு. போச்சு, ஐம்பது வருடம் காத்தது வீண் என்று நினைத்தேன். இரண்டாவது கண்ணாடி மணமாக, தெளிவாக இருந்தது. பச்சை ஜம்புவைக் கடித்த மாதிரி, கொஞ்சம் பேரிக்காய். சித்தப்பா அந்த இரண்டாவதை மோந்துவிட்டுக் கண்ணை மூடினார். "இதுதான். ஐம்பது வருட வாசனை. வேறு எதற்கும் வராது" என்றார். வீட்டுக்காரி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

இருபது நிமிடம் கழித்து முதல் கண்ணாடிக்குத் திரும்பினோம். சாக்கு வாசம் போய்விட்டது. நெய்யில் முந்திரி திராட்சை வறுக்கும்போது அடுப்படியிலிருந்து வருமே, அது. அதற்கு அடியில் தேன், அதற்கும் அடியில் எங்கேயோ ஒரு நூல் புகை. விழுங்கிய பிறகு சீக்கிரம் மறைந்துவிட்டது, சத்து இறங்கியிருக்கிறது என்பது உண்மை. நான் மூன்று முறை திரும்பப் போனேன். நாலு பேர் இரண்டாவதையே பழசு என்றார்கள், நானும் அப்பாவும் மட்டும் முதலாவதை. தாளைப் பிரித்ததும் சித்தப்பா கண்ணாடி மாறிவிட்டது என்றார். இன்னமும் அதைத்தான் சொல்கிறார்.

மெக்கேலனில் சண்டையே இல்லை. ஆறில் ஐந்து பேர் 1996 போத்தலைத்தான் எடுத்தோம். கருப்பட்டி, பேரீச்சை, தாத்தா காலத்து மர அலமாரி. அது 43 சதவீதம், புதுசு 40, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புதுசு கெட்டதில்லை. ஆரஞ்சுத் தோல், இஞ்சி மிட்டாய், குடிக்க இதமாக இருந்தது. பழசைப் பக்கத்தில் வைக்காமல் இருந்திருந்தால் அதையே புகழ்ந்து எழுதியிருப்பேன்.

கடைசியில் லஃப்ரோய்க். ஊற்றியதுமே வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆசிரியர் நண்பர் தார் ரோடு என்றார். எனக்கு ரப்பர் ஷீட் தொங்கவிடும் புகைக் கொட்டகை. அப்பா கண்ணாடியை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். "டிரெசர் ரூம்" என்றார். தோட்டத்து மருந்தறை. அப்பா சின்னப் பையனாகப் பால்வெட்டுக் கத்தியில் காலை அறுத்துக்கொண்டபோது டிரெசர் ஐயா பஞ்சில் தொட்டு வைத்த மருந்தின் வாசனையாம். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது இதை மருந்து என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள் என்று படித்திருந்தேன், சொன்னேன். "பின்னே?" என்று காலில் இருந்த தழும்பைக் காட்டினார்.

அதற்கப்புறம் அவர்தான் பேசினார். அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. தாத்தா 31 வருடம் அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். அவசரகாலத்தில் பங்களாவைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தபோதும் சம்பளப் பெட்டியோடு நடந்து போனவர். துரை கிளம்பும்போது தாத்தா இரண்டு கேட்டாராம். ஒன்று, குடியிருந்த கிராணி வீட்டை ஓய்வுக்கு அப்புறமும் சில வருடம் விடவேண்டும். இன்னொன்று, பாக்கி இருந்த லீவுப் பணம். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கையில் கொடுத்தது இந்தப் போத்தல். தாத்தா வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பெட்டியில் வைத்துப் பூட்டினார். வீட்டை அடுத்த வருடம் காலி செய்தார்கள்.

யாரும் பேசவில்லை. அப்பா முதல் கண்ணாடியை எடுத்து மிச்சத்தைக் குடித்தார்.

"நல்லதாகத்தான் கொடுத்திருக்கிறான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "லீவுப் பணத்தையும் கொடுத்திருக்கலாம்."

கங்காணி பேத்தி

தம்பி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பா நன்றாகத் தூங்கினாரா?

கிராணி பேரன்

தூங்கினார் அக்கா. காலையில் ஐந்தரைக்கே எழுந்து ரொட்டி சானாய் கேட்டார்.

ஈப்போ பார்க்காரன்

மிச்சம் எவ்வளவு? பாதிப் போத்தலாக வைக்காதே, காற்று தின்றுவிடும். சின்னப் போத்தலில் கழுத்துவரை ஊற்றி வை. அப்புறம் அந்தக் காலி முக்கோணப் போத்தலைச் சேகரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள், எறிந்துவிடாதே.

கிராணி பேரன்

இரண்டு சின்னப் போத்தலில் மாற்றிவிட்டேன் அண்ணே, நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன். ஒன்று சித்தப்பாவுக்கு. காலிப் போத்தலைக் கேட்காதீர்கள், அதில் தண்ணீர் நிரப்பி வீட்டுக்காரி மணி பிளாண்ட் வைத்துவிட்டாள். லேபிள் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது.